விசிறி நின்ற மாலை

வாத்துத் தொடைகளைக் கொழுப்பில் புரட்டிக்கொண்டிருந்த அர்மெலுக்கு, சட்டியில் குமிழ் உடைகிற சத்தம் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. பூண்டு வாசனை அப்படியே இருந்தது. ஒயின் தயாரிக்கும் அந்தக் கோட்டையின் முற்றத்திலிருந்து வரும், நொதிக்கும் திராட்சையின் புளித்த இனிப்பும் அப்படியே இருந்தது. ஆனாலும் எதுவோ குறைந்திருந்தது. கையிலிருந்த கரண்டி நின்ற பிறகுதான் புரிந்தது. அறுவடை தொடங்கியதிலிருந்து தரைக்கு அடியில் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த நிலவறை விசிறியின் சத்தம் இல்லை.

நொதிக்கிற சாறும் மூச்சு விடும். அது விடுவது கரியமில வாயு. கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனமானது. அதனால் கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல நிலவறைத் தரையிலிருந்து மெல்ல மேலே ஏறும். விசிறி அதை இழுத்து வெளியே தள்ளும். விசிறி வருவதற்கு முன்பு ஆட்கள் முழங்கால் உயரத்தில் மெழுகுவத்தி பிடித்தபடி இறங்குவார்கள். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். விழுந்தவனைத் தூக்கப் போகிறவன் அவன் மேலேயே விழுவான்.

போன அறுவடையில் ஒரு விருந்துக்காக விசிறியை நிறுத்தியபோதுதான் அவள் கணவன் ரெமி உள்ளே இறங்கினான்; பிணமாகத்தான் மேலே வந்தான். கவனக்குறைவு என்றார் முதலாளி எய்மெரிக். அவள் குடியிருக்கும் வீடு கோட்டைக்குச் சொந்தம். அவள் வாயை மூடிக்கொண்டு சமைத்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் ஒருவரும் இல்லை. எய்மெரிக்கின் மனைவி குளோதில்த் மட்டும் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்க, மதாம்?"

"கீழ, தொட்டியில திராட்சை மிதிக்கிறாங்க. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

"விசிறிய யாரு நிறுத்துனா?"

"அவர்தான். அந்த உறுமல்ல ஒயினப் பத்தி ஒரு வார்த்தை விளக்க முடியலையாம். முறைக்காத அர்மெல், உன் தம்பியும் கூடத்தான் இருக்கான். படி நெடுக மெழுகுவத்தி எரியுது. ஒண்ணுகூட அணையல, நானே எட்டிப் பார்த்தேன்."

அர்மெல் நிலவறைக் கதவைத் திறந்தாள். ஆமாம், எரிந்தன. படிக்குப் படி, ஒரே அளவில், ஒரே ஆட்டமாக ஆடின எல்லாச் சுடர்களும்.

"இது பேட்டரி!"

"ஆமா. போன வருஷம் மெழுகு சொட்டி விருந்தாளிங்க ஷூவெல்லாம் பாழாப் போச்சே."

"போன வருஷம் என் புருஷன் பாழாப் போனான்."

"சாப்பாட்டு நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கு?"

அர்மெல் அடுப்படிக்கு ஓடி, இரும்பு வாணலியை எடுத்து வந்து, விசிறிப் பெட்டியின் பூட்டை அடித்தாள். ரெமிக்காக அழாத அழுகையெல்லாம் அந்தக் கையில் இருந்தது. பூட்டு தெறித்தது. உள்ளிருந்த சுவிட்சைத் தட்டினாள். விசிறி உறுமியது.

"தீயணைப்புக்காரங்களக் கூப்பிடுடி!" என்றாள். இந்த வீட்டில் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. குளோதில்த்தின் கையிலிருந்து கோப்பை விழுந்தது.

அடுப்படித் தீப்பெட்டியோடு படியில் இறங்கினாள். ஒரு குச்சியைக் கிழித்து முழங்காலுக்குத் தாழ்த்தினாள். யாரோ விரலால் நசுக்கியதுபோல அணைந்தது. இதற்குக் கீழே உயிர் நிற்காது. தம்பி கீழே கிடக்க, அவள் நிற்க வேண்டும். விசிறி இழுக்க இழுக்கத்தான் வாயு வடியும். வடிகிற அளவுக்குத்தான் இறங்கலாம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழே, சாற்றில், கால்கள் மிதிக்கிற சத்தம். சளப். சளப். நடுவே விருந்தாளிகளின் சிரிப்பு.

"பாஸ்தியான்! மேல வாடா!"

"இதோ முடியப் போகுதுக்கா." அவன் குரலேதான். "நீ மெதுவா வா, வழுக்கும்."

நெஞ்சு ஒரு நொடி இளகியது. அடுத்த குச்சியைத் தாழ்த்தினாள். அணைந்தது. சுடர் நிற்காத இடத்திலிருந்து சிரிக்கிறார்கள்.

"டேய், விளையாடாத. மேல வா!"

"ரெமி அத்தானும் வந்துட்டாருக்கா."

குச்சிகள் கையிலிருந்து சிதறின. குனிந்து பொறுக்கினாள். பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். இவனையும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு குச்சி நின்று எரிந்தது. ஒரு படி இறங்கினாள். காத்திருந்தாள். இன்னொரு படி. சுவர் வியர்த்திருந்தது. சளப். சளப். தாளம் தப்பவே இல்லை.

கடைசிப் படி. தரை. சுடர் அணையவில்லை.

தொட்டியில் நின்றார்கள். தொடைவரை சாறு. ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டு வட்டமாக, மிதிப்பவர்கள் நிற்கிற விதமாகவே. மிதக்கும் திராட்சைத் தோல் அமிழ்ந்தது, எழுந்தது. உதடுகள் நீலம். கண்கள் திறந்தபடி. எய்மெரிக் புன்னகைத்தார். அவருக்குப் பக்கத்தில் பாஸ்தியான். பாஸ்தியானின் மறுபுறம், அவள் உடுத்திப் புதைத்த கல்யாணக் கோட்டில், தோளெல்லாம் மண்ணோடு, ரெமி.

"விடுங்கடா அவன!"

தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கல்லைப்போல இருந்தான். அவன் முதுகில் குத்தினாள். எய்மெரிக்கின் கையைக் கடித்தாள். குளிர்ந்திருந்தது. யாரும் திரும்பவில்லை. கால்கள் நிற்கவில்லை.

"ஏன்க்கா கத்துற?" பாஸ்தியான் கேட்டான். "எனக்கு ஒண்ணும் ஆகலையே."

அவள் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். சிரித்தான். அவள் பெயரைச் சொன்னான். உள்ளங்கையில் சூடு இல்லை. ஈரம் இல்லை. காற்று இல்லை. உதடுகள் மட்டும் அதில் அசைந்துகொண்டே இருந்தன.