உயிரோடு இருந்தவருக்கு ஓர் இரங்கல் செய்தி

"இது காப்பியா, கழனித் தண்ணியா?" என்று தாட்சாயணி அலுவலகக் கேன்டீன்காரருக்குத் தட்டி அனுப்பினாள். "இன்றைய காப்பி இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திடம் கூடினால் மகிழ்வேன்" என்று அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. மனிதர் குளிர்ந்துபோய் ஒரு பூ அனுப்பினார். மறுநாளும் அதே கழனித் தண்ணிதான் வந்தது.

நடுவில் நின்று இந்த வேலையைப் பார்த்தது பதமி. எல்லோர் கைபேசியிலும் அது உண்டு. நாம் கைபேசியில் எழுதுவதையும் பேசுவதையும் போகிற வழியிலேயே வாங்கிக்கொள்ளும். கேட்கப்போகிறவர் மனம் எவ்வளவு பதறும் என்று கணக்குப் போடும். பதறாத அளவுக்கு வார்த்தையை மாற்றிக் கொடுக்கும். குரலைக்கூட விடாது, கத்தினால் கொஞ்சுவது போலக் கேட்கும். அனுப்பியவர் தான் எழுதியதை மட்டும் பார்ப்பார், பெற்றவர் பதமானதை மட்டும் பார்ப்பார். பதமி வந்த பிறகு குடும்பக் குழுக்களில் சண்டை நின்றது. மாமியார்கள் மருமகள்களை வாழ்த்தத் தொடங்கினார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டம் அரைமணியில் முடிந்தது என்றால் பாருங்களேன்! இப்படியொரு பொருளை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அதிலும் தாட்சாயணிக்குப் பெருமை அதிகம். அவள் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆலை, துறைமுகம், மாநகராட்சி என்று எங்கெங்கோ அதே வேலை பார்ப்பவர்கள் எல்லாம் கூடி எழுதும் வலைப்பதிவு ஒன்று உண்டு. பெயர் சொல்முற்றம். கெட்ட செய்தியை நோகாமல் சொல்வது எப்படி என்று அங்கே பதிவு போடுவார்கள், மற்றவர்கள் பின்னூட்டத்தில் பிய்த்து உதறுவார்கள். பதமிக்குப் பாடம் புகட்டியதே அந்தப் பதிவுகளைக் கொண்டுதான். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க அது" என்று தாட்சாயணி எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். கெட்ட செய்தியை மூன்றாவது வரியில் வை என்பது அவள் பதிவில் பிறந்த விதி. பதமி இன்றைக்கும் அதை மீறுவதில்லை. மூன்றாவது வரி வரைக்கும் யார் படிக்கிறார்கள் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

சொல்முற்றத்தைத் தொடங்கியவர் திருச்சி லூர்துராஜ். ஒரு தொழிற்சாலையில் அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். நாக்கில் நெருப்பை வைத்திருந்த மனிதர். யார் பதிவு போட்டாலும், "இந்த முதல் வரியைக் கொளுத்து. இரண்டாவது வரியில் ஆரம்பி" என்பார். அந்தத் திட்டை வாங்கி அழாதவர் சொல்முற்றத்தில் கிடையாது, அதில் எழுதப் பழகாதவரும் கிடையாது. தாட்சாயணி அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் கணவன் பிரிந்துபோன நாட்களில் தினமும் போன் செய்து, "சாப்டியா? சாப்டுட்டு வந்து அழு" என்று அதட்டியவர் அவர் ஒருவர்தான். அதெல்லாம் பதமிக்கு முந்தைய காலம்.

இப்போது ஒருநாள் அவள் போட்டிருந்த பதிவுக்கு அவரிடமிருந்து பின்னூட்டம் வந்திருந்தது. "அருமையான தொடக்கம். எனக்கு நலமே. வீட்டில் அமைதி நிலவுகிறது. மனம் லேசாகி வருகிறது. என் புத்தகங்களை நண்பர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறேன். விரைவில் ஸ்டெல்லாவுடன் ஓய்வு."

கீழே வரிசையாகப் பூக்கள். தாட்சாயணியும் ஒரு பூ வைக்கப் போனாள். விரல் பாதியில் நின்றது.

ஸ்டெல்லா அவர் மனைவி. மழைக்காலத்தில் இறந்துபோனார்.

அவள் மறுபடி படித்தாள். "அமைதி நிலவுகிறது" என்பது அவளே உருவாக்கிய தொடர். ஒரு வார்டில் வரிசையாக உயிர்கள் போனபோது, பேச ஆளில்லாத அந்த வார்டைப் பற்றி நிருபர்களுக்குச் சொல்ல எழுதியது. "ஓய்வு" என்பதைச் சாவுக்குப் பதிலாக வைத்ததும் அவள்தான். எந்த வார்த்தையைப் போட்டால் பதமி எதைத் தரும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது தலைகீழாகத் திருப்பிப் படித்தாள். வீட்டில் பேச ஒரு நாதியில்லை. முடிவெடுத்துவிட்டேன். பொருளையெல்லாம் கொடுத்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் போகிறேன்.

"ஐயோ, கடவுளே" என்றாள் வாய்விட்டு.

உடனே அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காவல் உதவி எண்ணுக்குப் பதமி கிடையாது, அங்கே அவள் பதற்றம் பதற்றமாகவே போனது. என்ன பயன்? "நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கார்னு புகார் குடுக்கறீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, முடிந்தால் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

வாடகைக் கார் பிடித்துத் திருச்சிக்குக் கிளம்பினாள். ஆனால் போய்ச் சேர அரைநாள் ஆகும். அதற்குள் பக்கத்திலிருந்து யாராவது ஓட வேண்டும். சொல்முற்றத்தில் போட்டாள்: "லூர்து சார் உயிருக்கு ஆபத்து. திருச்சியில் இருப்பவர்கள் இந்த நிமிஷமே பாலக்கரைக்கு ஓடுங்கள்." உடனே பின்னூட்டங்கள் குவிந்தன. "அழகான நினைவூட்டல்." "மூத்தவர்களைப் போற்றுவோம்." "பாலக்கரைப் பக்கம் போகும்போது அவசியம் பார்க்கிறேன்." அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை பேரும் சொல்லை வைத்துப் பிழைப்பவர்கள். அவர்களுக்கே ஒரு சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை!

திருச்சி மாநகராட்சியில் செய்தித் தொடர்பாளராக இருந்த முபாரக்கைக் கூப்பிட்டாள்.

"முபாரக், லூர்து சார் சாகப்போறாருங்க! சத்தியமாச் சொல்றேன், ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கார் ஓட்டுநர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

முபாரக்கின் காதில் எது விழுந்ததோ! "கண்டிப்பா மேடம். நானும் அவரைப் பாக்கணும்னு நெனச்சிட்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமை போயிடறேன்" என்றார், சந்தோஷமாக.

போனை மடியில் போட்டுவிட்டு அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். பதமி கை வைக்காத செய்தி என்று ஒன்றுமே இல்லையா?

ஒன்று இருந்தது. பதமி வந்த புதிதில், ஒருவர் இறந்த செய்தி "நீண்ட ஓய்வுக்குச் சென்றிருக்கிறார்" என்று போயிற்று. வெளியூர் மைத்துனர் "திரும்பி வந்ததும் சொல்லுங்க, வந்து பாக்கறேன்" என்று பதில் எழுதி, காரியத்துக்குக்கூட வராமல் போய், குடும்பமே வெட்டுக்குத்து வரை போனது. அதன் பிறகு, இரங்கல் செய்தியை மட்டும் எழுதியபடியே விட வேண்டும் என்று அரசாணை போட்டார்கள்.

தாட்சாயணிக்கு விரல் கூசியது. உயிரோடு இருக்கிற மனிதருக்கு, அதுவும் லூர்து சாருக்கு, அந்த வார்த்தையை எப்படி எழுதுவது? ஒருவேளை அது இந்நேரம் உண்மையாகவே ஆகியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டாள். "லூர்துராஜ் காலமானார். பாலக்கரையில் அவர் வீட்டில் யாருமில்லை. உடனே போங்கள்."

இம்முறை ஒரு பூகூட வரவில்லை. பிறகு முபாரக்கிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "இதோ கிளம்பிட்டேன் மேடம்."

அவள் போய் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தெருவை அடைத்துக்கொண்டு ஆட்கள். மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தவர்கள் கையில் மாலையோடு திருதிருவென்று நின்றார்கள். யாரோ முன்யோசனைக்காரர் குளிர்பெட்டி வண்டியை வேறு வரவழைத்திருந்தார். ஓட்டுநர் "பாடி எங்க சார்? வேற எடத்துல கூப்பிடறாங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அத்தனைக்கும் நடுவில், வேட்டியும் கசங்கிய பனியனுமாக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் லூர்துராஜ். கையில் ஒரு டீ டம்ளர்.

முபாரக் அவளைத் தனியே அழைத்துப்போனார். முகம் வெளிறியிருந்தது. "கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன் மேடம். அவரேதான் வந்து தொறந்தார். மேசை மேல எல்லாம் தயாரா வெச்சிருந்தார். நான் எதுவும் கேக்கலை, அப்படியே வாரி என் பையில போட்டுக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..."

தாட்சாயணி போய் லூர்துராஜ் முன்னால் நின்றாள். இதுதான் முதல் சந்திப்பு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீதான் தாட்சாயணியா? காலமானார்னு முதல் வரியிலயே போட்டிருக்கியே. மூணாவது வரியில போடணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவதானே நீ?"

"மன்னிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எத்தனை தடவை எழுதினேன் தெரியுமாம்மா?" என்றார் அவர். "சாகணும் போல இருக்குன்னு அப்படியே எழுதினேன். எல்லாரும் பூ போட்டீங்க. பதமிதான் மாத்துதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வராதுன்னு தோணுச்சு. அதுதான் தாங்க முடியலை."

கூடியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எல்லோருமே அந்தப் பூக்களை வைத்தவர்கள்தான்.

அன்று அங்கேயே முடிவானது. முபாரக் தினமும் வருவார். மருத்துவரிடம் அழைத்துப் போவதும் அவர் பொறுப்பு. லூர்துராஜ் "என்னை என்ன சின்னப்பிள்ளைன்னு நெனச்சீங்களா?" என்று எரிந்து விழுந்தார். அந்தத் திட்டைக் கேட்டு எல்லோருக்கும் உயிர் வந்தது. குளிர்பெட்டி வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

அடுத்த வாரம் சொல்முற்றத்தில் ஓர் இரங்கல் செய்தி வந்தது. செத்ததாகச் சொல்லப்பட்டவரே போட்டிருந்தார். மகன் பேசுவதில்லையாம், யாராவது வரமாட்டீர்களா என்று கேட்டிருந்தார். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. வேலை போனவர், நோய் வந்தவர், சும்மா தனியாக இருந்தவர் என்று எல்லோரும் தங்களையே சாகடித்துக்கொண்டார்கள். இத்தனை பேருக்குள் இத்தனை துயரமா என்று ஆளாளுக்குத் திகைத்துப் போனார்கள். சொல்முற்றத்தைத் தாண்டி ஊர் முழுக்க இந்த வழக்கம் பரவியது. சுடுகாட்டு ஊழியர்கள் முறையிட்டார்கள், அரசாணை திருத்தப்பட்டது. பதமியின் புதிய பதிப்பு வந்தது. "இழப்புச் செய்திகளிலும் இனி இதம்" என்று அறிவித்து, கடைசியில் சொல்முற்றம் நண்பர்களுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். அந்த அறிவிப்பிலும் கெட்ட செய்தி மூன்றாவது வரியில்தான் இருந்தது.

வேறு வழியில்லை என்றானதும் சொல்முற்றத்தார் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அறிக்கை எழுதியே காலம் தள்ளியவர்கள், பஸ் பிடித்து, முகவரி விசாரித்து, நாய்க்குப் பயந்து, மாடிப்படி ஏறினார்கள்.

அப்படியொரு ஞாயிறு காலையில் தாட்சாயணி வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் லூர்துராஜ் நின்றார். திருச்சியிலிருந்து பஸ்ஸிலேயே வந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது, கையில் ஒரு பை கொய்யாப்பழம்.

"எப்படி இருக்கே?" என்றார்.

"நல்லாதான் இருக்கேன் சார்" என்றாள். பதமி இருந்த கைபேசி உள்ளே சார்ஜில் கிடந்தது. அந்த வரியை அவள் வாய்தான் சொன்னது.

லூர்துராஜ் அவளையே பார்த்தார். "இந்த முதல் வரியைக் கொளுத்து. இரண்டாவது வரியில ஆரம்பி."

ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுத்தவள் வெறும் வாயோடு நின்றாள். "உக்காருங்க, காப்பி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, கழனித் தண்ணி மாதிரி இருக்கு!"

எத்தனையோ வருஷமாக ஒருவரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு கனடாவிலிருந்து தினமும் அன்புள்ள அம்மான்னு எழுதறா சார்" என்றாள். "நிஜமா என்ன எழுதறாளோ, எனக்குத் தெரியலைங்க. கேக்கவும் பயமா இருக்கு."