மரத்தில் காய்த்த சாக்ஸ்

புல்டோசர் வந்து இறங்கியபோது, பட்டாணியின் அம்மா கண்ணாடிப் பறவையைக் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

புல்டோசர் என்றால் மண் தள்ளும் வண்டி இல்லை. அத்தையின் பையன். நடக்கப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனால் நடந்தால்தானே, எல்லாம் ஓட்டம்தான். எதிரே நாற்காலி இருந்தால் அதையும் தள்ளிக்கொண்டே ஓடுவான். பெயர் வைத்தது பட்டாணியின் அப்பா. 'பட்டாணி' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஒரு இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாளாம்.

அத்தைக்குப் பல்வலி. ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பையனைப் பட்டாணியின் கையில் கொடுத்துவிட்டுப் பல் டாக்டரிடம் ஓடிவிட்டாள்.

"அவன மரத்துப் பக்கம் மட்டும் விட்டுடாத," என்று சொல்லிவிட்டு அம்மா பட்டறைக்குள் போய்விட்டாள்.

சொல்வது சுலபம். இருப்பதே ஒரு கூடம், அதற்குப் பின்னால் பட்டறை. கூடத்தை அடைத்துக்கொண்டு ஜன்னலோரம் மரம். எங்கே திரும்பினாலும் மரத்துப் பக்கம்தான்!

மற்றவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் டிசம்பரில் வந்து ஜனவரியில் போய்விடும். பட்டாணி வீட்டில் அது வருஷம் பூராவும் நிற்கும். மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளைச் செய்வதுதான் அவர்கள் தொழில். அம்மா கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டிச் சுற்றிச் சுற்றி உருக்குவாள். அது இளகியதும் மெதுவாக ஊதுவாள். குமிழி மாதிரி உப்பிக்கொண்டு வரும். அப்பா அதற்குள்ளே வெள்ளித் திரவத்தை ஊற்றிக் குலுக்குவார். பிறகு வெளியே சாயத்தில் முக்கி, ஆணியில் தொங்கவிட்டுக் காயவைப்பார். கடைசியில் நீட்டியிருக்கும் குழாய்க் கழுத்தை வெட்டி, மூடி போட்டு, கம்பிக் கொக்கி மாட்டினால் உருண்டை தயார்.

உருண்டை, உருண்டை, உருண்டை. அம்மாவுக்கு அலுத்துவிட்டது. கனவில்கூட உருண்டைதான் வருகிறது என்பாள். அதனால்தான் பறவை ஊத ஆரம்பித்தாள். நெருப்பிலேயே உடைந்தவை எத்தனையோ. பிழைத்தது இது ஒன்றுதான். கூரான மூக்கு, நூல் நூலாகக் கண்ணாடி வால்.

அதைப் பார்க்க, உருண்டைகளை வாங்கி விற்கும் கடைக்கார அம்மா இன்று சாயங்காலம் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அம்மா இனிமேல் பறவைகள் ஊதலாம். பிடிக்காவிட்டால் பழையபடி உருண்டைதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவர் குட்டி ஸ்டூலில் உட்காருவார். அவர் கண்ணுக்கு நேராக எந்தக் கிளை வருகிறதோ, அதில்தான் புதுச் சாமானை மாட்டுவார்கள். பறவையும் அங்கேதான் தொங்கியது.

பட்டாணி முதலில் மரத்தைச் சுற்றி நாற்காலிகளால் வேலி போட்டாள். புல்டோசருக்கு அது வேலியா? கொண்டாட்டம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனான். இடுப்பில் தூக்கி வைத்தால் மீன் மாதிரி துள்ளினான். பொம்மை கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை.

"பந்து."

உருண்டையாக எது இருந்தாலும் அவனுக்குப் பந்துதான். வெங்காயம் பந்து, ஆரஞ்சு பந்து. போன வாரம் அலாரம் கடிகாரம்கூடப் பந்தாகி, அன்றோடு அது அடிப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது எதிரே ஒரு மரம் நிறையப் பந்துகள்.

பட்டாணி கண் சிமிட்டிய நேரத்தில் கீழ்க்கிளையிலிருந்த சிவப்பு உருண்டை போனது. 'டப்'.

அவள் புல்டோசரை அப்படியே அள்ளிக் கட்டிலில் விட்டாள். சுற்றிலும் தலையணைகளைப் போட்டாள். செருப்பு மாட்டிக்கொண்டு சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். கண்ணுக்குத் தெரியாத தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். துணியையும் குப்பையில் போட்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். கையிலிருந்து நீலச் சாயம் சொட்டியது.

"என்ன சத்தம்?"

"ஒரு உருண்டை போச்சுப்பா."

"அவ்வளவுதானா," என்று அவர் போய்விட்டார்.

அவர்களுக்கு உருண்டை உடைவது சோறு சிந்துவது மாதிரி. எல்லோரும் கண்ணாடியோடு வளர்ந்தவர்கள், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவர்கள். புல்டோசருக்கு அது தெரியாதே! அம்மாவிடம் சொல்லலாம் என்றால், அவள் நெருப்பின் முன்னால் இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது.

சட்டென்று தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். புல்டோசரின் உயரத்திலிருந்து மரம் எப்படித் தெரிகிறது?

ஐயோ, மிட்டாய்க் கடை மாதிரி தெரிந்தது. மூக்குக்கு முன்னால் மஞ்சள் உருண்டை. பாய்க்கு அடியில் கீழே விழுந்த கொக்கி ஒன்று. பின்னால் விளக்கு ஒயர், இழு இழு என்று கூப்பிடுவது போலத் தொங்கியது. அண்ணாந்து பார்த்தாள். அந்தக் குட்டி ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினால் போதும், பறவையின் வால்!

பட்டாணி கொக்கியைப் பொறுக்கிக்கொண்டு பரபரவென்று எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்தாள். விளக்கை அணைத்து, ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலே செருகினாள். கீழ்க்கிளைகளிலிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் கை எட்டும் உயரத்தில் மாட்டினாள். பறவையை மாற்றும்போது மூச்சுகூட விடவில்லை. கொக்கியைக் கிளையோடு சேர்த்து நன்றாக அழுத்திவிட்டாள். பிறகு மரத்தின் தண்டை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

கீழே எல்லாம் காலி. புல்டோசர் கட்டிலிலிருந்து இறங்கிவந்து பார்த்தான். உதடு பிதுங்கியது. "பந்து?"

அவனுக்கு ஏதாவது வேண்டாமா, பாவம்.

பட்டாணி துணிக்கொடிக்கு ஓடினாள். காய்ந்த சாக்ஸ் எல்லாவற்றையும் அள்ளி வந்தாள். ஜோடி ஜோடியாகச் சுருட்டி உருண்டையாக்கினாள். கம்பிக் கொக்கி இல்லை, மணி இல்லை, பொத்தான் இல்லை. கம்பளி நூலில் விரல் மட்டும் நுழையும் வளையம். கீழ்க்கிளைகளில் மாட்டிவிட்டாள். வாயில் வைத்தால் நனையும், அவ்வளவுதான்.

புல்டோசர் ஒன்றை இழுத்தான். எறிந்தான். ஓடிப்போய் எடுத்தான். மறுபடி எறிந்தான். அவள் மாட்ட, அவன் பிடுங்க, அவள் மாட்ட, அவன் பிடுங்க...

அழைப்பு மணி அடித்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி இது? சாக்ஸ மாட்டி வச்சிருக்க? பறவை எங்க?"

பட்டாணி வாயைத் திறப்பதற்குள் கடைக்கார அம்மா உள்ளே வந்துவிட்டார். உட்கார ஸ்டூலைத் தேடினார். பட்டாணி பட்டறைக்குள் ஓடி, உயரமான வேலை ஸ்டூலை இழுத்து வந்து போட்டாள். அவர் தட்டுத் தடுமாறி ஏறி உட்கார்ந்தார். கால்கள் சின்னப் பிள்ளைக்கு மாதிரி அந்தரத்தில் ஆடின. ஆனால் பறவை சரியாக அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

பறவையை அவர் பார்க்கத்தான் தொடங்கினார், ஒரு சாக்ஸ் உருண்டை வந்து மூக்குக்கண்ணாடியில் மோதியது.

அம்மாவின் முகம் வெளுத்தது.

கடைக்கார அம்மா உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "துவைச்சதுதானே?"

"காலைலதான்," என்றாள் பட்டாணி.

அவர் அதைத் திருப்பி எறிந்தார். புல்டோசருக்கு ஒரே சந்தோஷம். கண்ணில் பட்ட நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக மரத்தின் மேலேயே போய் மோதினான்.

மரம் குலுங்கியது. எல்லாக் கண்ணாடிகளும் கிணுகிணுத்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கயிறு விறைத்தது, பிடித்தது. மரம் சாயவில்லை. ஒன்றுகூட விழவில்லை.

பறவை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் வாலில் புகுந்து புகுந்து வந்தது.

கடைக்கார அம்மா முன்னால் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆடும்போதுதான் தெரியுது, நிஜமாவே பறக்குதுங்க," என்றார். "இனிமே எனக்கு உருண்டை வேண்டாம். பறவையே ஊதுங்க."

அம்மா தலையை ஆட்டினாள்.

போகும்போது அவர் ஒரு சாக்ஸ் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், "எங்க வீட்லயும் ஒரு வாண்டு இருக்கு. இத நான் எடுத்துக்கட்டுமா?"

"அது என் ஸ்கூல் சாக்ஸ்ங்க," என்றாள் பட்டாணி. "திங்கக்கிழமை வேணும். எப்படிப் பண்றதுன்னு வேணா சொல்லித் தரேன்."

அவர் போனதும் அம்மா நேராக மரத்திடம் வந்தாள். மரத்தின் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, பட்டாணியின் கண்ணுக்குத் தப்பிய இன்னொரு கொக்கியை எடுத்தாள். எழுந்து, பட்டாணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பட்டறைக்குப் போனாள்.

அங்கிருந்து அப்பா வெறுங்காலோடு வந்தார். ஜில்லென்ற தரையில் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"என் சாக்ஸ யாராவது பாத்தீங்களா?"

புல்டோசர் குறி பார்த்து எறிந்தான்.

"பந்து!"