களவு போன 'லோஹ்' ஆராய்ச்சி

காலை 9.10. அக்கா வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்குத் திரும்பிய ஆசிரியை ஒய்ரிக், அடுப்புக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தாள். பிஸ்கட் டப்பாவைக் காணோம்.

கேலிக் மொழியில் ஏரிக்கு 'லோஹ்' என்று பெயர். அந்த ஒரு சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேடிப் பன்னிரண்டு வருடமாக அவள் எழுதிய தாள்கள் டப்பாவுக்குள் இருந்தன. அவை இன்று பகல் இரண்டு மணிக் கப்பலில் போகாவிட்டால் எடின்பரோ பதிப்பாளர் ஏற்கமாட்டார்.

9.40. எடின்பரோவிலிருந்து வந்து மூன்றே நாளான சார்ஜென்ட் ஹெப்பர்ன் இருமிக்கொண்டே நுழைந்தார். அடுப்பில், சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி புகைந்துகொண்டிருந்தது.

"கதவைப் பூட்டலையா டீச்சர்?"

"இந்த ஊர்ல யார் பூட்டுறா?"

"டப்பா விஷயம் யாருக்குத் தெரியும்?"

"போஸ்ட்மாஸ்டர் டோர்கிலுக்கு. அவரும் அதே சொல்லைப் பத்தித்தான் எழுதுறார்."

11.15. தபால் நிலையம். டோர்கில் அரக்கு முத்திரை உடையாத கட்டு ஒன்றை மேசையில் வைத்தார்.

"என் கட்டுரை. கிளாஸ்கோவுல மருமகன் டைப் அடிச்சு அனுப்பினான். நேத்துக் கப்பல்ல வந்தது. இன்னும் பிரிக்கவே இல்ல."

ஹெப்பர்ன் பிரித்தார். ஒய்ரிக் படித்தாள். உள்நாட்டு ஏரிக்கும், நிலத்துக்குள் புகுந்த கடலுக்கும் ஒரே சொல். அயர்லாந்திலும் அதுவே. லத்தீனின் 'லாகுஸ்' அதன் தூரத்து உறவு.

"அத்தனையும் என் வரி!"

"உண்மை எல்லாருக்கும் ஒண்ணுதானே டீச்சர்?" டோர்கில் சிரித்தார்.

ஹெப்பர்ன் நடுத்தாள் ஒன்றை உருவி நீட்டினார். "மோந்து பாருங்க."

"ஒரு வாசனையும் இல்லையே," என்றார் டோர்கில்.

ஒய்ரிக்கும் முகர்ந்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியல சார்ஜென்ட்."

"தெரியாது. பிறந்ததுலேர்ந்து இந்தப் புகையிலேயே இருக்கீங்க. எனக்குத்தான் மூணு நாளா மூக்கு எரியுது. கிளாஸ்கோவுல எரிக்கிறது நிலக்கரி. இதுல நடுத்தாள் வரைக்கும் மண்கட்டிப் புகை ஏறியிருக்கு. இதை டைப் அடிச்சது உங்க அடுப்புப் பக்கத்துல, டோர்கில். அரக்கும் முத்திரையும் உங்க மேசையிலயே கிடக்கு. டப்பா எங்க?"

டோர்கில் குனிந்து, காலித் தபால் சாக்குகளுக்கு அடியிலிருந்து டப்பாவை வெளியே எடுத்தார்.

"அந்தச் சொல் என்ன உன் சொத்தா?" என்றார் டோர்கில்.

"சொல் எல்லாருக்கும்தான். கரை கரையா நடந்து கேட்டது நான்."

பகல் 1.50. கப்பல் ஊதியது. தபால் பையை விரித்துப் பிடித்தார் ஹெப்பர்ன்.

"வேண்டாம் சார்ஜென்ட்," என்று டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒய்ரிக் கப்பலேறினாள். "நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."