சேலை முந்தியில் ஒரு வெள்ளைப் பொட்டலம்

“ஐயோ... என் சாமீ!”

அலறல் கேட்டுத் தெருவே ஓடி வந்தது.

சோழவந்தானில், வாசலில் வேப்பிலை செருகிய அந்த ஓட்டு வீட்டுக்குள் கிடந்தான் சூரியபிரகாஷ். ஐந்து வயது. அம்மைக் கொப்புளங்கள் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தன. உதடுகள் மட்டும் நாவல்பழ நிறம்.

மூச்சு இல்லை!

இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்வி ஜீப்பிலிருந்து இறங்கியதுமே பையனின் சித்தப்பன் விருமாண்டி மறித்தான்.

“மேடம், இது தானா வந்த சாவு இல்ல. எங்க மதினிதான் கொன்னுருச்சு!”

“நீ பாத்தியா?”

“கதவைச் சாத்திக்கிட்டு, இளநியில வெள்ளைப் பொடியைக் கலக்கிக் கொடுக்கும். ஜன்னல் வழியாப் பாத்தேன். தினமும்!”

பையனின் அம்மா செல்லத்தாயின் முந்தியை அவிழ்த்தால்... உள்ளே மடித்த காகிதப் பொட்டலம். வெள்ளைப் பொடி!

“இது என்னம்மா?”

“இவன் நெஞ்சு ஆபரேஷனுக்கு டாக்டரு கொடுத்த மருந்து மேடம். மாத்திரையப் பொடிச்சு மடிச்சுத் தருவாக.” அவள் மகன் பக்கம் திரும்பினாள். “அம்மை போட்ட வீட்டுல மருந்து ஆகாதுன்னு இவுக சொன்னாக. எனக்கு மனசு கேக்கல. ஒளிச்சு வச்சுக் கொடுத்தேன். ஒரு நா கூட விடல...”

‘இவுக’ என்றது சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவன் காசிமாயனை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். தலையை நிமிர்த்தவே இல்லை.

தாமரைச்செல்விக்கு உறுத்தியது. மனைவி தலையில் கொலைப்பழி விழுகிறது... வாயைத் திறக்காமல் இருக்கிறானே மனுஷன்!

பையன் பிணவறைக்குப் போனான். பொட்டலம் லேபுக்கு. செல்லத்தாய் ஸ்டேஷனுக்கு.

மறுநாள் மதுரையில், பையனுக்கு ஆபரேஷன் செய்த இதய நிபுணர் நூருல் அமீன், பிரேதப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பொறந்தப்ப, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இவனுக்கு வெத்தலைக் காம்பு மாதிரி இருந்துச்சு இன்ஸ்பெக்டர். அம்புட்டு சன்னம்! ரத்தமே சரியாப் போகல. அதான் உடம்பு நீலம். அப்பவே பெரிய ஆபரேஷன் பண்ணியிருந்தா உயிர் தாங்காது.”

“அதனால?”

“கைக்குப் போற ரத்தக்குழாய்லருந்து நுரையீரலுக்கு ஒரு செயற்கைக் குழாய் வச்சேன். ரத்தம் ஓட ஓட, அந்தக் காம்பும் பெருக்கும். பெருத்துச்சு! போன மாசம் ஸ்கேன்ல பாத்தேன். அடுத்த மாசம் முழு ஆபரேஷன் பண்ணியிருப்பேன். பையன் ஓடி விளையாடியிருப்பான்...”

ரிப்போர்ட்டை மடித்து வைத்தார்.

“அப்புறம் எப்படி டாக்டர்?”

“நான் வச்ச குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. உறையாம இருக்கத்தான் அந்தப் பொடி. தலைவலிக்கும் அதே மாத்திரைதான். அம்மை நேரத்துல அந்த மாத்திரை ஆகாதுதான். ஒரு போன் பண்ணியிருந்தா வேற மருந்து மாத்திக் கொடுத்திருப்பேன். ஒண்ணுமே கொடுக்காம விட்டா, இப்படித்தான் ஆகும்.”

“அம்மா விடாமக் கொடுத்தேன்னு சொல்றாங்களே!”

செல்போன் அலறியது. லேப்!

“மேடம், பொட்டலத்துல விஷம் இல்ல.”

“மருந்தா?”

“மருந்தும் இல்ல மேடம்... திருநீறு!”

ஜீப் பறந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தாமரைச்செல்வி நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

“மருந்தை மாத்துனது யாரு காசிமாயன்?”

காசிமாயன் எழுந்து நின்றான்.

“நாந்தேன் மேடம்.”

செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள்!

“ஆத்தா எறங்கியிருக்கிற வீட்டுல மருந்து கொடுத்தா, பிள்ளையக் கொண்டு போயிருவாளோன்னு பயம். இவ ஒளிச்சு வச்சிருக்கிறதப் பாத்தேன். பறிச்சா இவ மனசு தாங்காது. அதான் இவ தூங்குறப்ப மருந்தைக் கொட்டிட்டுக் கோயில் திருநீறை மடிச்சு வச்சேன். டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டப்ப, மருந்துக்கடையில தலைவலி மாத்திரைதான்னாக. பிள்ளைக்குத் தலைவலியே இல்லையேன்னு...”

“நேத்தே ஏன்யா சொல்லல?”

“சொன்னா... தான் ஊட்டுனது மருந்தே இல்லன்னு இவளுக்குத் தெரிஞ்சு போகுமே மேடம்!”

செல்லத்தாய் அழவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கசக்குதாய்யான்னு கேட்டேன். இல்லம்மான்னு சிரிச்சான்... அப்பக்கூட எனக்குத் தெரியலையே!”

ஏட்டு அசோக்குமார் கேஸ் நோட்டைத் திறந்தார்.

“இவரு மேல என்ன செக்‌ஷன் போட மேடம்?”

தாமரைச்செல்வி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“ஆத்தா மேல பயம், பொண்டாட்டி மேல பாசம்... ரெண்டுக்கும் சேத்து ஒரு செக்‌ஷன் இருந்தா, பாத்துச் சொல்லுங்க ஏட்டய்யா!”