காந்தம் பிடிக்காத இடம்

கதிரையில் சாய்ந்தபோது முதுகில் ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. உறுத்தியது நாகேஸ்வரியின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டிதான். கல்யாணத்துக்கு முன்னமே வந்தது, அமத்தினால் பஞ்சுபோல அமிழும், ஒரு கெடுதலும் செய்யாத சனியன். அன்றைக்கு அதன் நடுவில் புளியங்கொட்டைபோல ஒன்று இறுகிக் கிடந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இன்று டொக்டர் முடிவு சொன்னார்.

"கட்டி நல்ல கட்டிதான் அம்மா. ஆனா அதுக்குள்ள புற்றுநோய் வந்து இருக்கு. அங்க தொடங்கினதில்லை, வேற இடத்தில இருந்து பரவினது. உடம்பில வேற கட்டி இருக்கோ?"

"இல்லை," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. இடது மார்பில் இருப்பது செல் வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு. முரசுமோட்டையில் யாருக்குத்தான் உடம்பில் துண்டில்லை? கடைசிச் சண்டையில் தோளில் ஏறிய துண்டு கீழே இறங்கிவிட்டது என்று அவளே முடிவுகட்டினாள். புருசன் பாலனும் ஓமென்று தலையாட்டினான், விசரன்.

வீட்டுக்கு வந்தபோது மழை இருட்டு. வயலில் தவளைகள் கத்தின. ஈர வைக்கோலின் புளித்த மணம் குசினிவரை வந்து, அவளுடைய சட்டைக்குள்ளிருந்தே வருவதுபோல மூக்கில் ஏறியது. அவளைக் கேட்டோ அந்த நோய் உள்ளுக்கு வந்தது? சும்மா கிடந்த கட்டிக்குள் புகுந்து, குந்தியிருந்து தின்றிருக்கிறது. நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்குக் கீழே பயம்.

"அந்தக் காந்தத்தை எடுங்கோ," என்றாள் பாலனிடம்.

பழுதான ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். துண்டு எங்கே நிற்கிறது என்று பார்க்க அந்த வீட்டில் எப்போதும் அதுதான். பாலன் அதை அவளுடைய தோளில் வைத்தான். டக்கென்று பிடித்தது. தோல் சற்று எழும்பி நின்றது.

"துண்டு இங்கதானே நிக்குது," என்றான்.

"கீழ வையுங்கோ."

மார்பில் வைத்துக் கையை எடுத்தான். காந்தம் மடியில் விழுந்தது.

"வேர்வையாக்கும்," என்றாள்.

துடைத்து வைத்தான். விழுந்தது.

தவளைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பாலனின் விரல் கமக்கட்டுக்குள் போனது. நின்றது. அங்கேயும் ஒன்று, பயறளவில். காந்தத்தை வைத்தான்.

விழுந்தது.

காறையெலும்புக்கு மேலே. இரண்டு.

விழுந்தது.

"காணும். விடுங்கோ," என்றாள்.

அவன் விடவில்லை. விரல்கள் கழுத்தில் ஏறின. ஒன்று. அதற்கு மேல் ஒன்று. காதுக்குக் கீழே, ஒன்று.