நாளொரு கடப்பு

காலை ஆறு பத்துக்கு வேலுத்தாய் நெடும்பாறையின் மேற்கு வாயிலில் நின்று, இடது கணுக்காலில் நடைவளையத்தை மாட்டினாள். வளையம் ஒருமுறை அதிர்ந்தது. "வேலுத்தாய். வயது நாற்பத்தொன்பது. பயணம் ஏலக்காடு" என்றது. எட்டு வருஷமாக இதே குரல். வாயிலின் இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் இரண்டு புதுக் கம்பங்கள் முளைத்திருந்தன. நேற்று மாலை அவை அங்கே இல்லை. அரசாங்கம் எதையாவது நட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு அவற்றின் நடுவே நடந்தாள்.

அவள் நடையைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி நடப்பாள். குதிகால் நங்கென்று விழும், தோள் முன்னால் போகும், கை பின்னால் வரும். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு, அடி வாங்கப்போகிற அந்த ஆள் யாரோ என்று பரிதாபமாக இருக்கும்.

சாலை ஒரு காலத்தில் நெடுஞ்சாலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். லாரிகள் முக்கி முனகி ஏறியதும், பேருந்து ஜன்னல்களில் தலையை நீட்டி ஜனங்கள் வாந்தி எடுத்ததும் இந்தச் சாலையில்தான். இப்போது தார் வெடிப்புகளில் இடுப்பளவு புல். ஆறாம் வளைவில் காட்டெருமைகள் படுத்து அசைபோடும். மனிதரைக் கண்டால் எழுந்திருப்பதுகூட இல்லை. சரக்கெல்லாம் வானத்தில், சரக்குத் தும்பி எனும் ஆளில்லா விமானங்களில் போகிறது. ஆனால் மழைக்காலக் காற்றில் தும்பி பறக்காது. அந்த மூன்று மாதமும் இரண்டு ஊருக்கும் அவசரமென்றால் இந்தச் சாலைதான் கதி.

அதையும் சும்மா விட்டுவைக்கவில்லை. வனமீட்புச் சட்டம் வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு மலைச்சாலையும் தான் இன்னும் சாலைதான் என்று தினமும் நிரூபிக்க வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் ஒரு மனிதராவது ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நடந்து கடக்க வேண்டும். கடந்ததற்குச் சாட்சி கால் வளையம்தான். ஒரே ஒரு நாள் தவறினால் போச்சு. அன்றைக்கே சாலை காடாகப் பதிவாகிவிடும். மறுநாள் தார் தோண்டும் எந்திரங்கள் வரும். அதற்குப் பிறகு யாரும் அங்கே கால் வைக்க முடியாது. நாற்பத்தொரு சாலைகள் இருந்தன. இப்போது மிச்சம் மூன்று.

நம் ஆட்களின் சாமர்த்தியம் இங்கேதான். இந்தப் பக்கமிருந்து வேலுத்தாய் ஏறுவாள்; ஏலக்காட்டிலிருந்து அபூபக்கர் ஏறுவார். பத்து மணி வாக்கில் கணவாய் உச்சியில், பழைய சோதனைச்சாவடியில் இருவரும் சந்திப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, கால் வளையங்களை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்கே திரும்பிவிடுவார்கள். வளையங்கள் இரண்டும் ஒழுங்காக மலையைக் கடந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலையில் நெடும்பாறை வாயில் வேலுத்தாயைப் பார்த்து, "அபூபக்கர், வயது அறுபத்தைந்து, வருக" என்று வரவேற்கும். நடப்பது என்னவோ அதே இருபத்துநான்கு கிலோமீட்டர்தான். தூங்குவது சொந்த வீட்டில். இதில் என்ன குற்றம் என்று இரண்டு ஊரும் வாயை மூடிக்கொண்டிருந்தன.

ஆக, எட்டு வருஷமாக இந்தச் சாலையை ஒருவரும் கடக்கவில்லை. கடைசியாக முழுதாகக் கடந்தவள் வேலுத்தாயின் ஒரே மகள் நாச்சியார். வனமீட்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அவள் சொன்ன அன்று, "ரோட்டக் கொல்ற வேலைக்குப் போறவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று வேலுத்தாய் கத்தினாள். அன்றைக்கே மகள் ஒரு பையோடு மலையேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். அடுத்த வாரம் வேலுத்தாய் நடையாளாகப் பெயர் கொடுத்தாள். மகள் மேல் வீம்பு என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். தினமும் சாவடியில், "ஊர்ல எல்லாரும் நல்லாருக்காங்களா பாய்?" என்று மட்டும் கேட்பாள். யாரைக் கேட்கிறாள் என்று அபூபக்கருக்குத் தெரியும். "எல்லாரும் நல்லாருக்காங்க தாயி" என்பார்.

இன்றைக்குப் பத்து மணிக்கு அவர் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. காட்டுக்குள் அலைபேசிக்கு அனுமதி கிடையாது. அவள் எழுந்து எழுந்து மேற்குச் சரிவைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அபூபக்கர் வந்து சேர்ந்தார். வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"என்ன பாய் இது, எங்க விழுந்தீங்க?"

"அத விடு தாயி. காலைல கிளம்பறப்ப உன் மக வாசல்ல நிக்கிறா. ராத்திரியோட ராத்திரியா ரெண்டு ஊர்லயும் புதுக் கம்பம் நட்டுட்டாங்களாம். நடையறிக் கம்பம். வளையம் யாருதுன்னு பாக்காதாம், நடக்கிற நடை யாருதுன்னு பாக்குமாம். காலைல அந்த முனைல பதிஞ்ச நடை, பொழுது சாயுறதுக்குள்ள இந்த முனைல பதியணும். இல்லேன்னா இன்னியோட ரோடு க்ளோஸ்."

வேலுத்தாய் அவர் கைக்கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

"அவளா சொன்னா?"

"அவதான். 'எங்கம்மாகிட்ட சொல்லிருங்க மாமா'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. நான் உங்க ஊருக்கு இறங்கலாம்னா இந்த முட்டி மிச்ச வளைவெல்லாம் தாங்காது. நீதான் இறங்கணும். ஆறு இருபதுக்குப் பொழுது சாயுது. நான் இங்கயே சாவடில படுத்துக்கறேன். எந்திரி."

அவள் தன் டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். சாவடிக்கு மேற்கே அவள் ஒரு அடிகூட வைத்ததில்லை. வைக்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவள். இப்போது வைத்தாள். வளையத்தை மாற்றாமல், தன் பெயரோடு.

மேற்குச் சரிவு வேறு உலகம். ஈரம், நிழல், பாசி. வழுக்கிய இடங்களில் உட்கார்ந்து இறங்கினாள். நான்கு மணிக்குச் சாலை நடுவில் யானைக்கூட்டம் நின்றது. குட்டியோடு ஏழு உருப்படி. மூங்கில் ஒடியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் ஐம்பது நிமிஷம் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். மகள் இதற்காகத்தான் சண்டை போட்டாள். இவற்றுக்கு வழி வேண்டும் என்றாள். குட்டி தாயின் காலுக்கடியில் புகுந்து புகுந்து வந்தபோது, அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று வேலுத்தாய்க்குத் தோன்றியது. அதை ஒப்புக்கொள்ள இஷ்டமில்லை. ஆனாலும் தோன்றிவிட்டது. யானைகள் விலகியதும் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். சாகிற சாலை என் காலடியில் சாகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு ஐந்துக்கு ஏலக்காட்டு வாயில் தெரிந்தது. இரண்டு கம்பங்கள். அவற்றுக்கு அப்பால் காக்கிச் சட்டையில் ஒருத்தி. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. காதோரம் ஒன்றிரண்டு நரை. முப்பத்திரண்டு வயதில் நரையா? வேலுத்தாய் ஓட்டத்தை நிறுத்தினாள். கம்பங்களுக்கு நடுவே மெல்ல நடந்து போனாள்.

கம்பம் சிவந்தது. "நடை பொருந்தவில்லை" என்றது.

"திரும்பப் போய் நடந்து வாம்மா" என்றாள் நாச்சியார். "பொழுது சாயுற வரைக்கும் எத்தன தடவ வேணா நடக்கலாம். நான் சொன்னா அது கேக்காது."

இரண்டாவது தடவையும் சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்பு. மறுபடி கம்பங்களுக்கு அப்பால் போய் நின்றாள். வெயில் மலைமுகட்டை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

"காலு ஓஞ்சிபோச்சுடி."

"காலு இல்லம்மா. நீ உன் நடை நடக்கல. என்னப் பாத்து மெத்து மெத்துன்னு வர்ற. காலைல கோவமா நடந்திருக்க. அந்த நடையத்தான் கேக்குது."

"கோவத்துக்கு இப்ப எங்கடி போவேன்?"

நாச்சியார் ஒரு கணம் அம்மாவையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்: "அப்ப விடு. க்ளோஸ் ஆகட்டும். எதுக்கு இந்த ரோடு? எட்டு வருஷமா ஒரு நாயி இந்தப் பக்கம் வந்துச்சா? யாருக்காக இத்தன நாளு கட்டிக் காத்த?"

சுரீரென்று ஏறியது. வேலுத்தாயின் தோள் முன்னால் போனது. குதிகால் நங்கென்று விழுந்தது.

"யாருக்காகவா கேக்குற? அடியே, கோவத்துல வாசப்படி மிதிக்காதன்னேன். என்னிக்காவது மனசு மாறி நீ கெளம்பி வந்தா, வர்றதுக்கு ஒரு வழி வேணாமா? அதுக்காகடி நடந்தேன்! மழைன்னு பாத்தேனா, காய்ச்சல்னு பாத்தேனா?"

கம்பம் பச்சையானது. "வேலுத்தாய். கடப்பு பதிவாகிவிட்டது" என்றது. அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அதே வேகத்தில் போய் மகளின் முன்னால் நின்றாள். அடிக்க ஓங்கியது போலிருந்த கை, மகளின் நரைத்த முடியை ஒதுக்கிவிட்டது. இரண்டு பேரும் அழுதார்கள்.

"நானும் நீ வருவேன்னுதாம்மா இந்த ஊர விட்டு மாத்தல் கேக்கல" என்றாள் நாச்சியார். "பாதி மலை வரைக்கும் தினமும் வர்ற, மிச்சப் பாதி வர உனக்கு மனசு வரல."

"உனக்கு மட்டும் வந்துச்சாக்கும்?"

நாச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே ஏமாத்த முடியாது, தெரியும்ல? இன்னிக்கி இங்க, நாளைக்கு அங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் வீட்லதான் படுக்கணும்."

"சட்டம் சொன்னா கேட்டுத்தான ஆகணும்" என்றாள் வேலுத்தாய்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மகள் வீட்டுத் தோசை வயிற்றில் நிறைய, வேலுத்தாய் கம்பங்களுக்கு நடுவே கிழக்கு நோக்கி மெத்து மெத்தென்று நடந்தாள். இயந்திரம் யோசித்தது. தேடிப் பார்த்தது. "புதிய நடை" என்றது. "யார் இவர்?"

நாச்சியார் கம்பத்தருகே போய்ப் பதில் சொன்னாள். "எங்கம்மா."