நாலாவது கயிறு

நாலாவது கயிற்றை யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் அது விறைப்பாக நின்றது.

ராஜ்மோகன் அதை உடனே கவனிக்கவில்லை. ஆன்டெனா கட்டிய அந்த உயரமான அலுமினியக் கம்பம் ஒருவழியாக நிமிர்ந்துவிட்டதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டவுன்ஷிப் ஹாம் ரேடியோ கிளப்புக்கு அவர்தான் செயலாளர். வருடத்துக்கு ஒருமுறை வெட்டவெளியில் கூடாரம் போட்டு, பேட்டரியை மட்டும் நம்பி, விடியும்வரை தூரதேசத்து நிலையங்களோடு பேசிக் காட்டுவார்கள். இந்த வருடம் வடக்குத்து கிராமத்துக்கு அப்பால், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய பழைய மண்மேட்டின் உச்சியை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். வாட்ஸ்அப்பில் பதினெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். வந்தது மூன்று பேர். கட்டைவிரலைத் தவிர வேறெதையும் தூக்கத் தெரியாத ஜென்மங்கள்.

வந்த மூன்றும் மட்டும் என்ன வாழ்ந்தது? லியோவுக்கு ஹாம் லைசென்ஸ் கிடைத்த மறுநாளே தன் ரேடியோ அழைப்புக் குறியை காரில் ஸ்டிக்கராக ஒட்டத் தெரிந்தது. ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை. பேங்க்கில் வேலை பார்க்கும் சிவசங்கர் நாற்காலி கொண்டுவந்திருந்தார், தனக்கு மட்டும். வடலூரில் நர்ஸாக இருக்கும் நான்சி ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவள், கொட்டாவி விட்டுக்கொண்டே கயிற்றைப் பிடித்திருந்தாள். கம்பத்தைத் தாங்கும் நான்கு கயிறுகளில் மூன்றை இரும்பு முளைகளில் கட்ட வைப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் சரிவுப் பக்கம் போன கயிற்றைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் யாரு கட்டுனது?"

"யாரும் கட்டல சார்" என்றான் லியோ. "நாங்க மூணு பேரும் இங்கதான புடிச்சிக்கினு இருந்தோம்."

"அப்ப அது தானா நிக்குதாடா?"

கயிறு கம்பத்தின் உச்சியிலிருந்து இறங்கி, வேலிக்கருவைப் புதரைத் தாண்டி, மேட்டின் விளிம்புக்குக் கீழே மறைந்திருந்தது. நான்சி போய்ப் பார்த்தாள். விளிம்பில் நின்று குனிந்தாள். பிறகு வெகுநேரம் நிமிரவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் தூக்கம் இல்லை.

"சார், எறங்கிடலாம் சார்."

"ஏன், பாம்பா?"

"ஆளுங்க இருக்காங்க சார். புடிச்சிக்கினு இருக்காங்க."

"சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆளுங்களா இருக்கும். நல்லதுதானே? உங்கள விட ஒழுங்கா புடிச்சிருக்காங்களே!"

நான்சி சிரிக்கவில்லை. லியோவின் கையைப் பிடித்தாள். "அண்ணா, நீங்க போய்ப் பாக்காதீங்க. வண்டிய எடுங்க." அவள் குரலைக் கேட்டதும் சிவசங்கர் நாற்காலியை மடக்கிவிட்டார்.

ராஜ்மோகனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "போங்க! எல்லாரும் போங்க! வாலன்டியராம், வாலன்டியர். மூணு முட்டாளுங்களுக்கு பதிலா மூணு கல்ல நட்டிருந்தா கம்பத்துக்கு ஆதரவாவது இருந்திருக்கும்."

"நீங்களும் வாங்க சார். உங்க கால்ல வேணாலும் விழுறேன்."

"வூட்ல போய் தூங்கும்மா."

காரின் விளக்கு கருவை மரங்களுக்குள் வளைந்து வளைந்து இறங்கி மறைந்தது. அந்தி மங்கிக்கொண்டிருந்தது. கீழே சுரங்கத்தின் மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கின; கன்வேயர் பெல்ட்டின் ஓயாத உறுமலும், எங்கோ மண்ணுக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரியின் கந்தக வாடையும் காற்றோடு ஏறி வந்து கூடாரத்துத் தார்ப்பாயை மெல்ல உப்பவைத்தன. ராஜ்மோகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தனியாக நடத்திக் காட்டி, நாளைக்குக் குரூப்பில் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும்.

மைக்கில் மூன்று முறை அழைத்தார். இரைச்சல்தான் வந்தது. இரைச்சலுக்கு அடியில், தூரத்து மழைபோல, வேறொன்று. குமிழைத் திருகினார். அதுவே. அலைவரிசையை மாற்றினார். அங்கும் அதுவே. உற்றுக் கேட்டபோது புரிந்தது. மூச்சு. ஒருவருடையது அல்ல. கனமான எதையோ சேர்ந்து இழுப்பவர்களின் மூச்சு, ஒரே தாளத்தில், வாய் அடைத்துக்கொண்டது போல மூக்கு வழியாக.

ஏதோ வேற்று நிலையத்துக் குறுக்கீடு. எந்த மடையன் மைக்கைத் திறந்துபோட்டுத் தூங்குகிறானோ.

ரேடியோவை அணைத்தார்.

மூச்சு நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினார். இன்னும் தெளிவாகக் கேட்டது. சரிவுப் பக்கமிருந்து.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காலில் ஏதோ இடறியது. இரும்பு முளை. பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். கம்பம் மட்டும் அசையாமல் நேராக நின்றது. நான்கு கயிறுகளும் நான்கு பக்கமும் விறைத்து, இருட்டுக்குள் விளிம்புக்குக் கீழே போயிருந்தன.

லியோவின் வேலை. ஆள் சேர்த்துக்கொண்டு வந்து பயம் காட்டுகிறான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"எவன்டா அது? விடுங்கடா கயித்த!"

கயிற்றைப் பற்றி இழுத்தார். மாட்டின் மூக்கணாங்கயிறு போல அது சிலிர்த்தது. பிறகு, மெதுவாக, திருப்பி இழுத்தது. கயிற்றை விட முயன்றார். முடிந்தது. ஆனால் அதற்குள் விளிம்புக்கு வந்திருந்தார்.

டார்ச்சைக் கீழே அடித்தார்.

சரிவு முழுக்கத் தலைகள்.

கழுத்துவரை மண்ணுக்குள். நெருக்கமாக, நாற்று நட்டதுபோல, சுரங்கத்தின் அடிவரை. ஆண்கள், பெண்கள். முடியெல்லாம் செம்மண். கயிறு முதல் வாய்க்குள் நுழைந்து, அடுத்த வாய்க்குப் போய், அதற்கடுத்ததற்குப் போய், கீழே கீழே இறங்கியது. எல்லோரும் பல்லால் கடித்திருந்தார்கள். கண்கள் மட்டும் அசைந்தன. வெளிச்சத்துக்குக் கூசவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தன.

ஓட வேண்டும்.

கால் வரவில்லை.

குனிந்து பார்த்தார். மண் கணுக்காலை மூடியிருந்தது. இதமான சூடு. ஒரு மூச்சு இழுத்தார்கள், முழங்கால். இன்னொரு மூச்சு, இடுப்பு. டார்ச் உருண்டு போனது. கத்தினார். மண் மார்பை இறுக்கியதில் கத்தல் பாதியில் நின்றது. கைகள் எங்கே என்று தெரியவில்லை.

பக்கத்தில் யாரோ பல்லைத் தளர்த்தும் ஓசை.

ஈரமான கயிறு அவர் உதட்டில் வந்து உரசியது. அங்கேயே நின்றது. பொறுமையாக. சரிவு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

ராஜ்மோகன் வாயைத் திறந்தார்.